மேல்வீடு கீழ்வீடு – 14: பட்டுவுக்கு அரை மாத்திரை

தட்டுச் சத்தம் கேட்டால் தூக்கத்திலிருந்துகூட எழுந்து ஓடிவருகிற பூனை, அன்றைக்குக் காலையில் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தட்டில் இருந்தது வேகவைத்த கோழி. கட்டிலில் உட்கார்ந்து அவள் ஆன மட்டும் கூப்பிட்டுப் பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து பட்டு தலையை மட்டும் வெளியே நீட்டியது. முடியே இல்லாத அந்த முகத்தில் யார்மேலோ எப்போதும் கோபமாக இருப்பது போன்ற சுருக்கம் இருக்கும். இன்றைக்கு அந்தக் கோபத்தையும் காணோம். கையை உள்ளே விட்டு வயிற்றைத் தொட்டாள். வெந்நீர்ப் பை மாதிரிச் சுட வேண்டிய உடம்பு சில்லென்றிருந்தது.

அவளுக்குப் பகீரென்றது. உடம்பு சில்லிட்டது மட்டும் அதற்குக் காரணமில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு முன்னால், இந்த வாரம்தான் தொடருக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிடலாம். கீழ்வீட்டில் அவளும் மகளும். அவள் பார்லரில் பெண்களுக்கு முடி வெட்டிச் சாயம் பூசுகிறவள். மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அடுத்த மாதம் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றலாகிப் போகப்போகிறவள். மேல்வீட்டில் புருஷன். அவருக்கு அவள் வைத்திருக்கும் பெயர் மாடிக்காரர். அவளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் கீழ்வீடு. பேச்சு வார்த்தை நின்று இரண்டு வருஷமாகிறது.

மாடிக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். வேலை போனதை வீட்டில் சொல்லவில்லை. மாதக்கணக்கில் காலையில் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயந்திரம் வந்து எந்தக் கட்டிடத்தில் எந்த மாடியில் லிஃப்ட் நின்றது, உள்ளே யார் மாட்டிக்கொண்டார்கள் என்று கதை கதையாகச் சொன்னார். பார்லருக்கு வந்த ஒருத்தி அவரைப் பூங்காவில் பார்த்ததைச் சொல்ல, குட்டு உடைந்தது. அதோடு பெண்டாட்டி விட்டாளா? மறுநாள் பார்லரில் அதையே ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தாள். நாற்காலிகளில் ஈரத்தலையோடு இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மாடியேறியவர்தான்.

நடுவில் வந்தது பூனை. மகளோடு வேலை செய்கிற ஒருத்தி ஆசைப்பட்டு வாங்கியது. பூனை முடி பட்டால் அந்தப் பெண்ணுக்குத் தும்மல் வரும். முடியில்லாத பூனை என்றால் வராது என்று யாரோ சொன்னதை நம்பினாள். தும்மல் பூனையின் எச்சிலாலும் தோலாலும் வருவது, முடி வெறும் சாக்கு என்பது தும்மித் தும்மி மூக்கு சிவந்த பிறகுதான் தெரிந்தது. மகள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஊர்த் தலையெல்லாம் பார்க்கிறவள் வீட்டில் ஒரு மொட்டைப் பூனையா என்று பார்லரில் கேலி. முடி வளர ஏதாவது தடவிவிடக் கூடாதா என்று ஒருத்தி நிஜமாகவே கேட்டாள். முடி இல்லாததைக் குளிப்பாட்ட என்ன இருக்கிறது என்று கேட்டவர்களும் உண்டு. அவர்கள் அதன் படுக்கை விரிப்பைப் பார்க்க வேண்டும். மற்ற பூனைகளுக்கு முடி உறிஞ்சிக்கொள்கிற எண்ணெய், இதற்குத் தோலிலேயே தங்கிப் பிசுபிசுக்கும். படுத்த இடமெல்லாம் பழுப்புக் கறை. வாரம் ஒரு நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, காதுக்குள் சேர்கிற அழுக்கைப் பஞ்சால் ஒற்றி, நக இடுக்கைத் துடைத்து, சளி பிடிப்பதற்குள் துவட்டிப் போர்த்த வேண்டும். தலை அலசியே பழகிய அவள் கைக்கு அது சுலபமாக வந்தது.

பகலில் அவள் வேலைக்குப் போய்விடுவாள் என்பதால் பூனை மேலே போகும். அங்கே அதன் பெயர் தம்பி. இருட்டினால் கீழே வந்து பட்டுவாகிவிடும். குளிர் தாங்காமல் அவள் போர்வைக்குள் புகுந்து, முழங்காலுக்குப் பின்னால் சுருண்டு, விடிகிற வரை அசையாது. இந்த வயதில் அவளை ஒட்டிக்கொண்டு தூங்க அந்த ஒரு ஜீவன்தான் இருந்தது. அடுத்த மாதம் மகளும் போய்விட்டால் வீட்டில் மிச்சம் அது மட்டும்தான்.

போன வாரம் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, இதயச் சுவர் தடித்திருக்கிறது என்று சொன்னாள். இந்த இனத்துக்குப் பிறப்பிலேயே வரக்கூடியதாம். காலையில் அரை மாத்திரை, இரவில் அரை மாத்திரை, தவறவும் கூடாது, கூடவும் கூடாது. காலை மாத்திரை அப்பா, இரவு மாத்திரை அம்மா என்று மகள் பிரித்துக் கொடுத்தாள். கையோடு இன்னொன்றும் அறிவித்தாள்: இனிமேல் இரண்டு வீட்டுக்கும் நடுவே தூது போக மாட்டாள், யாருக்கு என்ன கேட்க வேண்டுமோ அவரவரே வாயைத் திறந்து கேட்டுக்கொள்ளட்டும்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள் செய்தது வேறு. மாடிக்காரர் மாத்திரையை மறந்துவிடுவார் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்மேல் அவள் வைத்த ஒரே முழு நம்பிக்கை அதுதான். தனியாக ஒரு அட்டை மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டு, பூனையை மேலே அனுப்புவதற்கு முன்னால், கோழித் துண்டுக்குள் ஒளித்துத் தினமும் காலையில் அவளே அரை மாத்திரை கொடுத்துவந்தாள். அவர் மறக்காமலிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அவள் மனதில் எழவே இல்லை.

இப்போது எழுந்தது.

மகள் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே வந்து பார்த்தாள். பார்த்ததும் சபதத்தை மறந்து மாடிக்கு ஓடினாள். மாடிக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இறங்கி வந்தார். டாக்ஸியில் அவர் முன்னால், இவர்கள் இருவரும் பின்னால். அவள் பூனையைத் தன் ஸ்வெட்டருக்குள் விட்டு, தோலோடு தோலாக அணைத்துக்கொண்டாள். வழி நெடுக அவர் பேசியது ஏசியை நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் சொன்ன ஒரு வார்த்தைதான்.

ஆஸ்பத்திரி பெஞ்சில், நாயோடு வந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, என்ன சொறி நோயா என்று விசாரித்தார். வேறொரு நாளாக இருந்தால் அவர் வழுக்கையைக் காட்டி ஒரு பதில் சொல்லியிருப்பாள். இன்றைக்கு ஸ்வெட்டரை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா மேஜையில் பூனையைப் படுக்கவைத்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். வெகு நேரம் எடுக்கவேயில்லை. பிறகு நிமிர்ந்தாள்.

"துடிப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. மாத்திரை யார் குடுக்கறீங்க?"

"காலையில நான்," என்றார் மாடிக்காரர்.

"நைட்டு நான்," என்றாள் அவள்.

"அதுக்கு மேல யாராவது? தப்பித் தவறி ஒரு தடவை கூடக் குறைய?"

மாடிக்காரர் இல்லை என்று தலையாட்டினார். டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினாள். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அவர் நின்றிருந்தார். உங்களை நம்பாமல் நானே கொடுத்தேன், அதனால்தான் இது இப்படிக் கிடக்கிறது என்று அந்த மனிதர் காதுபடச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக ஒரு சின்ன விஷயத்தில்கூட அவருக்கு விட்டுக்கொடுக்காதவள்.

"இல்ல டாக்டர்," என்றாள்.

வீம்பு என்று ஒன்று வந்துவிட்டால் அவளுக்கு நல்லது கெட்டது தெரியாது.

அப்படியானால் இது மருந்தால் வந்ததில்லை, இதயமே ஓய்ந்துகொண்டு வருகிறது என்றாள் டாக்டரம்மா. ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம். தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நர்ஸ் பழக்க தோஷத்தில் முடி மழிக்கிற மெஷினை எடுத்துக்கொண்டு வந்தாள். பூனையின் காலைப் பிடித்த பிறகுதான் மழிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்து, அசட்டுச் சிரிப்போடு கீழே வைத்தாள். தோலுக்கடியில் நரம்பு பளிச்சென்று தெரிந்தது. பட்டு காலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. ஊசி அருகே வந்தது.

"போடாதீங்க," என்றாள் அவள். "நான் காலையிலயும் குடுத்தேன். தினமும் குடுத்தேன்."

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்தாள். "இப்பவாவது சொன்னீங்களே. இதைப் போட்டிருந்தா போயிருக்கும்."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஊசி மருந்து மாறியது. அடியில் சூடு தருகிற மெத்தை வந்தது. மாத்திரையின் வேகம் தணியும்வரை இங்கேயே இருக்கட்டும், பிழைத்துவிடும் என்றாள் டாக்டரம்மா. அதற்கு நடுவிலும் அவள் முகத்தில் ஒரு யோசனை. ஒருத்தர் மட்டும் கூடுதலாகக் கொடுத்தால் துடிப்பு இவ்வளவு இறங்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மாடிக்காரரிடம் மறுபடி கேட்டாள்.

"சார், நீங்க காலையில மட்டும்தானே?"

"காலையில மட்டும்தான் டாக்டர். சிக்கன் துண்டை ரெண்டாக் கீறி உள்ள வெச்சுக் குடுப்பேன். முழுங்கற வரைக்கும் தாடையைத் தடவி விடுவேன். நைட்டு அதைக் கீழ அனுப்பிட்டு நான் நியூஸ் பார்க்க உக்காந்துருவேன்."

டாக்டரம்மா திருப்தியாகத் தலையாட்டி, ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்று முடித்துக்கொண்டாள். அவளுக்கு மட்டும் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. அந்த மனிதர் உண்மையை ஒரு வார்த்தையில் சொல்வார். பொய்யென்றால்தான் கீறுவதும் தடவுவதும் நியூஸ் பார்ப்பதுமாக வந்து விழும். மாதக்கணக்கில் சாயந்திரம் தோறும் காபியோடு உட்கார்ந்து கேட்டவள் அவள். எந்த மாடி, எந்த லிஃப்ட், உள்ளே யார். அவளை நம்பாமல் அவரும் இரவு மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். இரண்டு வீட்டிலும் இரண்டு வேளை. ஒருத்தருக்கொருத்தர் வைத்திருந்த அவநம்பிக்கையை அந்தப் பூனை விழுங்கியிருக்கிறது.

அவர் இப்போது சொல்வார், அடுத்த நிமிஷம் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த நாய்க்குட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மகள் அவள் முன்னால் வந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"குடுத்தது கூடப் பரவாயில்லம்மா. பயத்துல குடுத்திருப்பே. டாக்டர் கேட்டப்ப எதுக்கு இல்லன்னு சொன்னே? அது சாகறதைப் பார்த்துக்கிட்டு நின்னியே."

இனி ஒரே வீடு, ஒரே கை என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மகள் அதையும் அங்கேயே முடிவு பண்ணிவிட்டாள். பட்டு இனி மேலேதான். அப்பா ஒருத்தராவது சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். அவரும் இல்லையென்றால் இன்றைக்கே இதை வேறு நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்திருப்பாளாம். கேட்டுக்கொண்டிருக்கிற ஆட்கள் கடையிலேயே இருக்கிறார்களாம்.

இதையெல்லாம் மாடிக்காரர் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்தினார்.

மத்தியானம் அவள் வேலைக்குப் போனாள். போகாமல் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? தோள் வரை என்று கேட்ட பெண்ணுக்குக் காது வரை வெட்டிவிட்டாள். அந்தப் பெண் அழ ஆரம்பித்தபோது, வளர்ந்துவிடும் என்று சமாதானம் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. முதலாளியம்மா வந்து கத்தரிக்கோலை வாங்கி வைத்து, வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தவள் கீழ்வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. நேராக மாடியேறினாள்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே காலெடுத்து வைத்தவளுக்கு முதலில் கண்ணில் பட்டது ஜன்னல். வெயில் நேரடியாக விழுந்தால் முடியில்லாத தோல் வெந்துபோகும் என்று கண்ணாடி முழுக்கக் காகிதம் ஒட்டியிருந்தார். ஜன்னலுக்கு ஏறிப் போக ஒரு பலகை. வழுக்காமலிருக்க அதன்மேல் லிஃப்டுக்குள் விரிக்கிற ரப்பர் விரிப்பு. மூலையில் துணி வைத்துத் தைத்த படுக்கை, அடியில் சூட்டுக்கு ஒரு குண்டு பல்பு, சுட்டுவிடாமல் அதற்கொரு வலைக் கூண்டு. இப்படியெல்லாம் பார்த்துக்கொள்ளத் தெரிந்த மனிதர் இத்தனை வருஷமும் எங்கே போயிருந்தார் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மாடிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"நைட்டும் குடுத்தீங்க," என்றாள். இரண்டு வருஷத்துக்கப்புறம் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"ஆமா."

ஒரே வார்த்தை. அவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது.

"அங்க ஏன் சொல்லல?"

"நீதான் சொல்லிட்டியே."

"நான் என்னைப் பத்திச் சொன்னேன்."

"ஊசியை நிறுத்தணும், நின்னுடுச்சு. ஒருத்தர் சொன்னது போதாதா? ரெண்டு பேரும் சொல்லியிருந்தா தம்பி இன்னேரம் எவன் வீட்டுலயோ இருந்திருக்கும்."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவள் தலையில் பழியைப் போட்டு அவர் பூனையைக் காப்பாற்றிக்கொண்டார், கணக்காகத்தான் செய்திருக்கிறார். மகளிடம் அவரே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தான் சொல்லப்போவதாக அவள் சொன்னாள்.

"சொல்லு. நீ சொன்னா அவ நம்புவாளா?"

குத்திக்காட்டுகிற குரலில்லை அது. பழுதான லிஃப்டைத் திறந்து பார்த்துவிட்டு, இது இனி ஓடாது என்று சொல்கிற குரல். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். காலிப் படுக்கையைப் பார்த்துக்கொண்டு அவரே பேசினார்.

"அதுவும் இல்லன்னா மேல எனக்கு யாரு இருக்கா?"

"கீழ எனக்கு மட்டும் யாரு இருக்கா?"

இதை இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஒருவேளை வேறு மாதிரிப் போயிருக்கும். இப்போது இது இரண்டு எதிராளிகள் தங்கள் தங்கள் வழக்கைச் சொன்ன மாதிரிதான் இருந்தது. அவள் திரும்பி வெளியே வந்தாள்.

படிக்கட்டில் பாதி இறங்கியபோது கீழேயிருந்து மகள் ஏறி வந்துகொண்டிருந்தாள். கடையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பூனையின் சாமான்களையெல்லாம் மூட்டை கட்டிவிட்டாள் போலிருக்கிறது. ஒரு கையில் குளிப்பாட்டுகிற தொட்டி, அதற்குள் பஞ்சு டப்பாவும் ஷாம்பூவும். இன்னொரு கையில் போர்வை, குளிருக்கென்று அவள் தன் பழைய ஸ்வெட்டர் கையை வெட்டித் தைத்த இரண்டு சட்டைகள். டாக்டரம்மா போன் பண்ணினாளாம். பட்டு எழுந்து உட்கார்ந்து ஒரு தட்டுச் சாப்பாடு காலி பண்ணிவிட்டு, நர்ஸின் தோளில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறதாம். நாளைக்கு அழைத்துப் போகலாமாம்.

"அப்பா அழைச்சுட்டு வந்துருவாரு," என்றாள் மகள். "கொஞ்சம் ஒதுங்கும்மா, கை வலிக்குது."

படி குறுகல். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டால் மகள் மேலே போய்விடுவாள். பூனை சௌக்கியமாக மேலே இருக்கும். இனி அந்த மனிதர் மாத்திரையில் தவற மாட்டார், அதுவும் அவளுக்குத் தெரியும். அவர் செய்ததைச் சொல்லிவிட்டால் அது இரண்டு வீட்டுக்கும் இல்லை. முன்பின் தெரியாத எவளோ ஒருத்தியின் போர்வைக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். அவள் நல்ல மனசுக்காரியாக இருந்தால் ஒதுங்கியிருப்பாள். காலையிலிருந்து மகள் தன்னைப் பார்க்கிற பார்வையை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தனக்கு இல்லாதது அவருக்கு மட்டும் இருப்பதையும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எது பெரிய காரணம் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

"ஒதுங்கும்மா."

அவள் ஒதுங்கவில்லை. இரண்டு பக்கமும் கை வைத்து வழியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ நம்பப் போறதில்ல," என்றாள். "ஆனாலும் கேளு."

மேலே கதவு சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.